மல்லாட்டை பிடுங்கலாமா என்று கேட்டவருக்கு யார் பதில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை இரவு, நாமெல்லாம் பின்தொடரும் அந்த வானிலைக் கணிப்பாளரின் நேரலையில் நடந்ததை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுவதையும் திரும்ப எழுதவில்லை. விழுப்புரம் மாவட்டம் மயிலம் பக்கத்திலிருந்து பேசிய, வேர்க்கடலை போட்டிருக்கும் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, இந்த வாரம் மல்லாட்டை பிடுங்கலாமா?" சென்னைக்கே பார்த்து முடிக்கவில்லை, இதில் ஒவ்வொரு கிராமத்துக்கும் எங்கே போய்ச் சொல்வது, அதுதான் பருவமழை இயல்பாக இருக்கும் என்று அறிவித்துவிட்டார்களே என்று நேரலை நடத்தியவரிடமிருந்து பதில் வந்தது. உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் "சரிங்க ஐயா" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்தச் "சரிங்க ஐயா" மூன்று நாட்களாக என் காதைவிட்டுப் போகவில்லை.

நான் மடிப்பாக்கத்துக்குக் குடிவந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. பிறந்தது திண்டிவனத்தைத் தாண்டிய ஒரு சிற்றூரில். நீங்கள் வேர்க்கடலை என்று சொல்வதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். ஆடியில் மழையை மட்டும் நம்பி மானாவாரியாக விதைத்தால் 105, 110 நாட்களில், அதாவது ஐப்பசியில், பிடுங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி, அதுவும் ஐப்பசிதான். முன்னதாகப் பிடுங்கினால் பருப்பு முற்றாமல் சுருங்கிப்போகும். தாமதித்தால் மழை ஈரத்தில் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்கிய செடியைக் கவிழ்த்துப் போட்டு, காயை ஆய்ந்து, களத்தில் உலர்த்தி மூட்டை பிடிக்கும்வரை குறைந்தது நான்கைந்து நாள் வெயில் வேண்டும். அந்த நான்கைந்து நாட்கள் எவை என்பதைத்தான் அந்தப் பெரியவர் கேட்டார். அது சிரிக்கத்தக்க கேள்வி அல்ல.

பருவமழை இயல்பாக இருக்கும் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் இயல்பான மழை சுமார் 44 சென்டிமீட்டர். அது மூன்று மாதங்களிலும் பரவலாகப் பெய்தாலும் கணக்கு இயல்புதான். ஐப்பசி முழுவதும் காய்ந்து, கார்த்திகையில் நான்கே நாட்களில் கொட்டித் தீர்த்தாலும் கணக்கு இயல்புதான். மாநிலத்தின் கணக்கு சரியாக இருக்கும்போதே ஓர் ஊரின் வெள்ளாமை முழுவதும் அழிந்திருக்கலாம். பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வைத்திருப்பது இதை அனுபவித்துத்தான்.

இதில் என் வீட்டுக் கதையும் இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்த கடைசி ஆண்டுகளில் ஒருமுறை, தொலைக்காட்சியில் அடுத்த சில நாட்களுக்கு வறண்ட வானிலை என்று சொன்னதைக் கேட்டு, ஆட்களை வரவழைத்து ஒன்றரை ஏக்கரையும் பிடுங்கிவிட்டார். அவர்கள் சொன்னது சென்னைக்கும் புறநகருக்கும் என்பதை அவர் கவனிக்கவில்லை. மறுநாள் மாலை தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிய குவியலைத் திறந்தபோது உள்ளேயிருந்து சூடான, புளித்த ஒரு வாடை அடித்தது. அப்பா ஒரு காயை எடுத்து விரலால் அழுத்தினார். ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளை முளை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். நேரலையில் அவர்கள் சிரித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சட்டைப்பைதான்.

ஊர்வாரியாகத் துல்லியமாகச் சொல்ல அறிவியலில் இடமில்லை என்று சிலர் எழுதுவீர்கள். ஒரு மேகம் எந்த வயலில் பெய்யும், எந்த வயலைத் தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்காக எதுவுமே சொல்ல முடியாது என்று ஆகிவிடாது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் விவசாயிகளுக்கென்றே வேளாண் வானிலை அறிக்கை வெளியாகிறது. விவசாயிகளுக்கான அரசின் வானிலைச் செயலியான மேகதூத் 2019இலிருந்து இருக்கிறது. 2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பை மத்திய அரசே தொடங்கியது. இவற்றில் ஒன்றையாவது அந்தப் பெரியவருக்கு எடுத்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அரை நிமிடம் சிரிப்பதற்கு இருந்தது.

கிராமத்துக்காரர்களுக்கு வானத்தைப் பார்த்தாலே தெரியாதா என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தெரியும். தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை என்பதெல்லாம் என் மாமா சொல்லி நான் கேட்டு வளர்ந்தவை. ஆனால் வங்கக் கடலில் 600 கிலோமீட்டருக்கு அப்பால் உருவாகும் தாழ்வழுத்தத்தை எந்தத் தட்டானும் முன்கூட்டிச் சொல்லாது. அதைச் சொல்லச் செயற்கைக்கோளும் ரேடாரும் இருக்கின்றன. அவை எங்கள் வரிப்பணத்திலும் இயங்குகின்றன.

நேரலை நடத்துபவர் இலவசமாகத்தானே செய்கிறார் என்பதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை. அவருடைய உழைப்பை மதிக்கிறேன். பல ஆண்டுகளாகப் பின்தொடர்கிறேன். அதனால்தான் வலிக்கிறது.

சென்னையில் ஒரு கோடிப் பேர் வாழ்கிறார்கள், அவர்களை முதலில் பார்ப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக இங்கே விமான நிலையத்தையே மூடினார்கள். மறுநாள் காலை மழை ஓய்ந்தபோது எங்கள் குடியிருப்பில் எல்லோரும் "தப்பித்தோம்" என்றார்கள். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் மூச்சுவிட்டேன். அந்த நேரத்தில் புயல் புதுச்சேரிப் பக்கத்தில் நகராமல் நின்றுகொண்டிருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மாநிலத்தின் மூன்று மாதத்துக்கான இயல்பு மழையைவிட அதிகம் ஒரே நாளில்! அம்மாவின் தொலைபேசி மாலை வரை அணைந்தே கிடந்தது. சென்னை தப்பித்த மழை கடலுக்குத் திரும்பிப் போகவில்லை. எங்கள் ஊரில் பெய்தது. ஆனால் அன்று காலையிலேயே பலருடைய பதிவுகளில் புயல் முடிந்துவிட்டிருந்தது. சென்னையில் மழை நின்றால் தமிழ்நாட்டிலேயே மழை நின்றுவிட்டது என்று எழுதும் இந்த வழக்கத்தை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு நேரலை நடத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் 200 வீடுகள்கூட இல்லை. ஆனால் அந்த வீடுகளில் இருப்பவர்களும் ஐப்பசி பிறந்தால் உங்களைப்போலவே வானிலை அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். நீங்கள் மகிழ்வுந்து வெள்ளத்தில் மூழ்காமல் இருக்க அதை எந்த மேம்பாலத்தில் நிறுத்துவது என்று முடிவெடுக்கக் காத்திருக்கிறீர்கள். அவர்கள் ஓர் ஆண்டுச் சாப்பாட்டை மண்ணிலிருந்து எந்த நாளில் எடுப்பது என்று முடிவெடுக்கக் காத்திருக்கிறார்கள். உங்கள் கவலையைக் குறைத்துச் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் நானும்தான். எங்கள் கவலையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்று காலை அம்மா பேசினார். வரப்போரத்தில் இரண்டு செடி பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தாராம். ஓட்டின் உட்புறம் பாதிக்கு மேல் கறுத்துவிட்டதாம். காய் முற்றுவதற்கு அதுதான் அடையாளம். "வெள்ளிக்கிழமைக்கு ஆளு சொல்லிடலாமா, இல்ல இன்னும் நாலு நாள் பாக்கலாமாடா?" என்று கேட்டார். எங்கள் வட்டாரத்துக்கான அறிக்கையில் ஞாயிற்றுக்கிழமை வரை பெரிய மழை இல்லை என்று போட்டிருப்பதைப் படித்துக்காட்டி, நாளைக்கே ஆள் சொல்லச் சொன்னேன். காய் ஆய இரண்டு நாள் விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மயிலத்துப் பெரியவரை யாருக்காவது தெரிந்திருந்தால், இந்த அறிக்கையை அவருக்கும் படித்துச் சொல்லுங்கள்.