சுடாத கை

எங்கள் சித்தப்பாவுக்கு முப்பது வருடமாகப் பாண் சுடும் போறணையில்தான் வேலை. திருகோணமலையில் விடிய நாலு மணிக்கு எழும்பி நடந்தவர்களுக்குத் தெரியும், கடற்காற்றோடு பாண் வாசமும் கலந்து வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்தப்பா போறணைத் தட்டைச் சாக்குத்துண்டு இல்லாமல் வெறுங்கையால் இழுக்கத் தொடங்கினார். கூட வேலை செய்த பொடியன்கள் வாயைப் பிளந்தார்கள். "காய்ச்சிப் போன கை, இனி நெருப்பும் ஒன்றும் செய்யாது" என்று நாங்களும் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒருநாள் இடது சின்னவிரலில் பெரிய கொப்புளம். சித்தி கேட்டதற்கு, "எப்ப சுட்டதெண்டே தெரியல" என்றார். அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது, எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அதே கையில் முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய தேமல் இருந்தது. பத்து ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிது. சொறியவும் இல்லை, நோகவும் இல்லை. காட்டிய இடத்தில் பங்கஸ் என்று களிம்பு கொடுத்தார்கள், பிறகு வேறு களிம்பு, பிறகு மாத்திரை. பதினொரு மாதம் போனது. ஒருவர்கூட அந்த இடத்தைத் தொட்டு, "இங்கே உணர்வு இருக்கிறதா?" என்று கேட்கவில்லை.

கடைசியில் தோல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டொக்டர் பஞ்சில் ஒரு நுனியைத் திரியாகத் திரித்தார். சித்தப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, தொடுகிற இடத்தை விரலால் காட்டுங்கள் என்றார். தோளில் தொட்டார், காட்டினார். மணிக்கட்டில் தொட்டார், காட்டினார். தேமலுக்கு நடுவில் தொட்டார். சித்தப்பா கண்ணை மூடியபடி சும்மா இருந்தார், அடுத்ததாக எங்கே தொடப் போகிறார் என்று காத்திருக்கிறவர் மாதிரி. மூன்று தடவை தொட்டும் அப்படித்தான். அப்புறம் டொக்டர் கையை மடக்கச் சொல்லி, முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். நூல் மாதிரி இருக்க வேண்டியது கயிறு மாதிரித் தடித்திருந்தது.

தொழுநோய்.

சித்தி கேட்ட முதல் கேள்வி "சுகமாகுமா?" என்பதில்லை. "பிள்ளையள்ட பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வருமா?" என்பதுதான். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்வி.

சுகமாகும். ஆகியும் விட்டது. மூன்று மருந்து சேர்ந்த அட்டை, இலவசம். ரிஃபாம்பிசின் குடித்த நாளில் சிறுநீர் சிவப்பாகப் போய் சித்தப்பா பயந்தார், குளோஃபசிமின் தோலைக் கறுக்க வைத்தது, அவ்வளவுதான். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது என்றார்கள். பன்னிரண்டு மாதத்தில் முடிந்தது. ஆனால் இடது கையின் சின்னவிரலும் மோதிரவிரலும் மடங்கியது மடங்கியதுதான். கிருமியை மருந்து கொன்றுவிடும், பட்டுப்போன நரம்பை எழுப்பாது. அந்தப் பதினொரு மாதத்தின் விலை அந்த இரண்டு விரல்கள்.

ஏன் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை? நான் யோசித்து யோசித்து வந்து நிற்கிற இடம் "ஒழித்தாயிற்று" என்ற அறிவிப்புத்தான். 1991இல் உலக சுகாதாரப் பேரவை, 2000ஆம் ஆண்டுக்குள் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக இந்த நோயைக் கொண்டுவருவது என்று தீர்மானித்தது. இலங்கை அந்த இலக்கை 1995லேயே தொட்டது. பெரிய வேலை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு எப்படிப் போட்டது தெரியுமா? எண்ணும் நாளில் மருந்து குடித்துக்கொண்டிருக்கிறவர்களை மட்டும்தான் எண்ணுவார்கள். கிருமி அதிகமுள்ள வகைக்கு முன்னர் 24 மாதம் மருந்து, 1990களின் கடைசியில் அது 12 மாதமானது. ஆள் இரண்டு வருடம் பதிவேட்டில் நிற்பதற்குப் பதிலாக ஒரு வருடம் நின்றால், ஒரு தொற்றுக்கூடக் குறையாமலே அந்த வகைக்காரரின் தொகை பாதியாகிவிடும்! மருந்துக் காலத்தைக் குறைத்தது நோயாளிக்கு நல்லதுதான். கேட்டவர்கள் "நோயே போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. இலங்கையில் இன்றைக்கும் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், அதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர் பிள்ளை. உலகத்தில் 2023இல் மட்டும் 1,80,000 பேருக்கு மேல்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். இந்த நோயின் ஆராய்ச்சி இவ்வளவு மெதுவாக நகர்ந்ததற்குக் கிருமியே ஒரு காரணம். 1873இல் நோர்வேயின் பேர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர் அதைக் கண்டார். மனித நோய்க்குக் காரணமாக முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட பாக்டீரியாக்களில் ஒன்று அது. அதற்கு முன் இது பரம்பரை நோய் என்றுதான் பெரிய மருத்துவர்கள் நம்பினார்கள். ஹான்சனின் மாமனார் டானியல்சன் நோயாளிகளின் திசுவைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தவர், ஒன்றும் ஆகவில்லை. தொற்றும் என்று நிரூபிக்கும் அவசரத்தில் ஹான்சன், கேட்காமலே ஒரு பெண் நோயாளியின் கண்ணில் கிருமியை ஏற்ற முயன்று, 1880இல் வழக்காகி ஆஸ்பத்திரிப் பதவியை இழந்தார். அவர் கண்டுபிடிப்பைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கிருமி இன்றுவரை ஆய்வுகூடத் தட்டில் வளரவில்லை. ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். அதனால்தான் உடம்பில் நுழைந்து தேமல் தெரிய சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடமும் ஆகும். 1960இல் ஷெப்பர்ட் என்பவர் எலியின் உள்ளங்காலில் வளர்த்துக் காட்டினார், பத்து வருடம் கழித்து ஆர்மடில்லோ என்ற விலங்கில் வளர்த்தார்கள். 2001இல் அதன் மரபணுத் தொடர் முழுவதையும் வாசித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் செத்துக் கிடந்தன. தனியே வாழும் திறனை இழந்து, எங்கள் உடம்பை நம்பியே பிழைக்கிற உயிர். அவர்கள் வாசித்தது தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியை, அதற்கு வைத்த பெயரே "டிஎன்". யாரோ ஒரு தமிழ் ஆள், பெயர் இல்லாமல் அந்த ஆராய்ச்சிக்குள் இருக்கிறார்.

பெயர் தொலைந்துபோனவர்கள் இன்னும் உண்டு. எங்கள் சித்த வைத்தியம் தோல் நோய்களுக்கு நீரடிமுத்து எண்ணெயைச் சொல்லும். அந்த மரத்தின் இனமான சால்மூக்ரா எண்ணெய்தான் உலகமெல்லாம் இந்த நோய்க்கு மருந்தாக இருந்தது. குடித்தால் வாந்தி, ஊசியாகப் போட்டால் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும். ஹவாயில் ஆலிஸ் போல் (Alice Ball) என்ற கறுப்பினப் பெண், உடம்பில் கலக்கும் விதமாக அதை மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். 1916இல் 24 வயதில் இறந்துவிட்டார். அந்த வேலையை வேறொருவர் தன் பெயரில் வெளியிட்டார். ஆலிஸ் படிப்பித்த பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தது 2000இல்தான்.

உண்மையான மருந்து 1941இல் வந்தது, அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரியில், ப்ரோமின் ஊசி. அதன் உறவான டாப்சோன் 1908இலேயே தயாரிக்கப்பட்டுச் சும்மா கிடந்த பொருள்! 1946இல் செங்கல்பட்டில் காக்ரேன் என்ற டொக்டர் அதை நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார், பிறகு மலிவான மாத்திரையாக ஊரெல்லாம் போனது. ஒற்றை மருந்தையே வருடக்கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும், கிருமி பழகிவிட்டது. எலியின் உள்ளங்காலில் வளர்க்கத் தெரிந்ததால்தான் 1964இல் மலேசியாவில் அதை நிரூபிக்கவே முடிந்தது. அதன் பிறகுதான் 1981இல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 1983இல் அது இலங்கைக்கு வந்தது.

1983. அந்த வருடத்தைப் பார்த்ததும் அம்மம்மாவின் தமையனை நினைத்தேன். 1897இல் பெர்லினில் கூடிய மருத்துவர்கள் நோயாளிகளைத் தனியே ஒதுக்க வேண்டும் என்றார்கள், நான்கே வருடத்தில் இங்கே 1901இல் சட்டம் வந்தது. மேற்கே ஒல்லாந்தர் 1708இல் கட்டிய ஹெந்தளை ஆஸ்பத்திரி, கிழக்கே மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு, இரண்டும் அப்படி ஒதுக்கி வைத்த இடங்கள். அம்மம்மாவின் தமையன் அந்த மருந்து வருமுன்னே மாந்தீவுக்குப் போனவர். எங்கள் வீட்டில் அவர் படம் இல்லை, திதி இல்லை. அம்மம்மா சாகிற வரைக்கும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன், பெயர்கூட அவவுக்குச் சரியாகத் தெரியாது. சட்டம் ஆளைக் கொண்டுபோனது, பெயரை அழித்தது நாங்கள்.

விரல் அழுகி விழும் என்பார்கள். வேலூரில் போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1940களின் கடைசியில் கண்டு சொன்னது வேறு. உணர்வு போன கை சுடுவதையும் கிழிவதையும் அறியாமல் மேலும் மேலும் காயப்படுகிறது, காயம்தான் விரலைத் தின்கிறது. கொல்லிமலையில் பிறந்தவர் அவர். தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய கைகளை நிமிர்த்தினார். சித்தப்பாவின் கொப்புளத்தை அன்றைக்கு நாங்கள் அப்படிப் பார்க்கத் தெரிந்திருந்தால்.

எங்கள் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள், ஒருவருக்கும் இல்லை. பெரும்பாலானவர்களின் உடம்பு இந்தக் கிருமியைத் தானாகவே விரட்டிவிடும். சித்தப்பா இப்போது மா பிசையும் மேசையில் நிற்கிறார். போறணைப் பக்கம் போனால் இரண்டு கைக்கும் உறை. இரவில் கையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் பூசி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எங்காவது காயம் இருக்கிறதா என்று. கை சொல்லாததைக் கண்ணால் தேடுகிறார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது சொறியாத, நோகாத, தொட்டால் தெரியாத தேமல் இருந்தால் இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். சித்தப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.