‘அந்த மாத்திரை’ இருக்கிறதா?

என் கடைக்கு வந்து ‘அந்த மாத்திரை’ இருக்கிறதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்பார்கள். முதலில் ஒரு தலைவலி மாத்திரையோ இருமல் மிட்டாயோ வாங்குவார்கள். பிறகு கல்லாமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, “வீட்டில் நாள் தள்ளிப் போயிருக்கிறது, அதற்கு ஏதாவது…” என்று இழுப்பார்கள். நாள் தள்ளிப் போன பெண் கடைப் பக்கமே வரமாட்டார்.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற சாலையில் இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவர்கள் எல்லாருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: இல்லை.

சென்ற வாரம் எங்கள் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். தன் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வைத்ததே இல்லையாம். பாவத்துக்குத் துணைபோகாமல் பிழைப்பு நடத்துகிறாராம். கீழே வரிசையாகக் கும்பிடுகள். பழக்க தோஷத்தில் நானும் ஒரு கும்பிடு போட்டேன். இரவு சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி, “நீங்கள் வைக்காதது பாவத்துக்குப் பயந்தா, மருந்து ஆய்வாளருக்குப் பயந்தா?” என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றினாள்.

ஆய்வாளருக்குப் பயந்துதான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அந்த விதி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். முதல் மாத்திரை மிஃபெப்ரிஸ்டோன், கரு தங்குவதற்கு வேண்டிய புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தடுக்கிறது. அடுத்தது மிசோபிரோஸ்டால், கருப்பையைச் சுருங்க வைக்கிறது. கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. புருஷன் வந்து வாங்கிப்போய் வீட்டில் கொடுக்கும்போது இதையெல்லாம் யார் பார்ப்பது? ஆகவே சீட்டு இல்லாதவருக்கு இல்லை என்றதில் எனக்கு வருத்தம் இல்லை. சீட்டோடு வந்தவர்களுக்கும் இல்லை என்றேனே, வருத்தம் அதில்தான். பில், பெயர், முகவரி, இருப்புக் கணக்கு என்று எதற்கு வம்பு என நினைத்து, சரக்கே எடுக்காமல் விட்டேன். இந்தச் சாலையில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் பலரும் இப்படித்தான். பயம் என்று சொன்னால் கேவலமாக இருக்கும், ஒழுக்கம் என்று சொன்னால் கும்பிடு விழும்.

ஒருநாள் இரவு பத்து மணி வாக்கில், ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது ஓர் இளைஞர் ஓடி வந்தார். கையில் முறையான சீட்டு. நான்காவது மாதத் தொடக்கம். குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது என்று அன்று மாலை ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய கரு. அது தானாக வெளியேறவில்லை, மிசோபிரோஸ்டால் எழுதியிருந்தார்கள். என்னுடையது அவர் ஏறிய ஐந்தாவது கடை. முதல் நான்கு கடைகளிலும் சீட்டைப் பார்த்துவிட்டு அவர் முகத்தை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். “சார், நாங்கள் கலைக்கவில்லை, அதுவே போய்விட்டது சார்” என்றார். மருந்துக்கடைக்காரனிடம் ஒரு தகப்பன் இப்படி வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து அது, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை நிறுத்தவும் கொடுக்கிறார்கள். கருக்கலைப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் அதற்கே தீட்டுப் பிடித்துவிட்டது.

சவிதா ஹலப்பனவர் நினைவிருக்கிறதா? பக்கத்துக் கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர். 2012 அக்டோபரில் அயர்லாந்தில், 17 வாரத்தில் கரு கலையத் தொடங்கியது, தப்பாது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று அவரே கேட்டார். கருவுக்கு இதயத் துடிப்பு இருக்கிறது, முடியாது என்றார்கள். ரத்தத்தில் நச்சுப் பரவி 31 வயதில் இறந்தார். அந்த நாடு 2018-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, கருக்கலைப்புக்குத் தடையாக இருந்த தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது. நம் ஊரில் அப்படியொரு தடை இல்லையே என்று நிம்மதிப்படலாம். ஆனால் அங்கே சட்டம் மறுத்ததை இங்கே சட்டத்தில் இல்லாத சில்லறை நிபந்தனைகள் மறுத்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏற்காட்டுக்கு அப்பால், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. மூன்று பிள்ளைகள். கணவர் மிளகு பறிக்கக் குடகுக்குப் போயிருந்தார். எட்டாவது வாரத்தில் அந்தப் பெண் மலையிறங்கி ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு, வாந்தி, ஒருநாள் கூலி போனது. கணவர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவருக்கு போன் கிடைத்தபோது ஒரு வாரம் ஓடியிருந்தது. அறுப்பு முடியாமல் வர முடியாது என்றார். மறுபடி இறங்கி வந்தபோது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சம்மதித்தால் சேர்த்துச் செய்கிறோம் என்றார்களாம். மூன்றாம் முறையும் வெறுங்கையோடு திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி என் கடைக்கு வந்தார். ஆண் துணையில்லாமல், குரலைத் தாழ்த்தாமல், “அண்ணா, கலைக்கிற மாத்திரை இருக்கிறதா?” என்று நேராகக் கேட்ட முதல் பெண் அவர்தான்.

அப்போது பதின்மூன்றாவது வாரம். மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியதை மருத்துவமனையில் படுத்துத்தான் செய்ய வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஒன்பது வாரம் வரை மாத்திரை. அதற்கு மேல் போகப் போக வலி, செலவு, ஆபத்து மூன்றும் கூடும். அந்த வாரங்களையும் கரு தங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நாள் தள்ளிப் போயிற்று என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவரும்போதே கணக்கில் நான்கு வாரம் போயிருக்கும். கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்புகிறவர் தான் எதையும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். செய்திருக்கிறார். அந்தப் பெண்ணின் வாரங்களைத் தின்றிருக்கிறார்.

சட்டத்தை அன்றுதான் உட்கார்ந்து படித்தேன். (மருந்தாளுநர் படிப்பில் தேர்வுக்காகப் படித்தது எல்லாம் தேர்வோடு போயிற்று.) 1971-ஆம் வருடத்துக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பிய, மனநலப் பாதிப்பு இல்லாத பெண்ணுக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும். ‘படிவம் சி’ என்று ஒரு தாள், அதில் அவர் கையெழுத்து, அவ்வளவுதான். புருஷன், மாமியார், அப்பா எவருக்கும் அதில் இடமே இல்லை. ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 2021-இல் செய்த திருத்தம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும் என்றது. சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கல்யாணமாகாத பெண்களுக்கும் அந்த 24 வாரம் பொருந்தும் என்றது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றும் சொன்னது.

படித்தபோது உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. கருக்கலைப்பு இன்றும் தண்டனைச் சட்டத்தில் குற்றம்தான். அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, இன்று அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 88-ஆம் பிரிவு. பெண்ணே கலைத்துக்கொண்டாலும் அது பொருந்தும். 1971 சட்டம் அந்தக் குற்றத்திலிருந்து மருத்துவருக்கு விலக்கு கொடுக்கிறது. அதாவது மருத்துவர் ‘நல்லெண்ணத்தோடு’ ஒரு கருத்துக்கு வர வேண்டும். பெண் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று எந்த வரியும் சொல்லவில்லை. ஆகவே மருத்துவர் தயங்கினால் அவரை மட்டும் திட்டி என்ன செய்வது? சிக்கினால் அவர்தானே சிக்குவார். என் பயத்துக்கும் அவர் பயத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சேலத்துக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் முதன்முதலில் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது எங்களோடு இருந்தது. பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கள்ளிப்பால் ஓய்ந்ததும் ஸ்கேன் வந்தது. அதனால் ‘கலைப்பு’ என்ற சொல்லைக் கேட்டதுமே இங்கே எல்லாருக்கும் பெண் குழந்தை ஞாபகம்தான் வருகிறது, எனக்கும்தான். பெண் என்று தெரிந்து கலைப்பதை நான் எந்தக் காலத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பாருங்கள், பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் குறி வைப்பது பார்க்கிறவரையும் பார்க்கச் சொல்கிறவரையும். கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு பிரிவே இருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த இந்த வேற்றுமை நமக்குத் தெரியவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு மேல் தாங்காது என்று எட்டாவது வாரத்தில் வந்து நிற்கிற பெண்ணிடம், கருவில் ஆணா பெண்ணா என்று எந்த ஸ்கேனும் சொல்ல முடியாத அந்த நாளில், பழைய கள்ளிப்பாலுக்குக் கணக்குக் கேட்கிறோம். அன்று கள்ளிப்பாலை முடிவுசெய்த குடும்பத்திடமே இன்று கையெழுத்தும் வாங்கி வரச் சொல்கிறோம்.

தமிழ் படித்த நண்பர் ஒருவர் புறநானூற்றை எடுத்துப் போட்டார்; மகளிரின் கருவைச் சிதைப்பதைப் பெரும்பாவங்களில் ஒன்றாக 34-ஆம் பாட்டு சொல்கிறது என்றார். சொல்கிறதுதான். ஆனால் அங்கே பாவி, மகளிரின் கருவைச் சிதைத்த அடுத்தவன். அந்தப் பாவத்துக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவனுக்குத்தான் கிடையாது என்று போகிறது பாட்டு. இதை நண்பருக்கு எழுதினேன், அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

கருவுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகளின் ஸ்கேனில் பேரன் கையசைத்ததைப் பார்த்துக் கண் கலங்கியவன் நான். ஐந்து மாதம் தாண்டிய கருவைப் பற்றிப் பேசினால் எனக்கும் நெஞ்சு இடறும். ஒரு மருத்துவருக்கு மனச்சாட்சி ஒப்பவில்லை என்றால் அதையும் மதிக்கிறேன். பிரிட்டனின் 1967 சட்டத்தில் அப்படி ஒதுங்கிக்கொள்ளத் தனிப் பிரிவே உண்டு, தாயின் உயிரைக் காக்க வேண்டிய நேரம் நீங்கலாக. நம் சட்டத்தில் அது இல்லை. இருந்தால்கூடத் தப்பில்லை என்பேன். ஒதுங்குகிறவர், “நான் செய்வதில்லை, அந்த மருத்துவமனையில் செய்வார்கள், இன்றைக்கே போங்கள்” என்று சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். கையெழுத்து வாங்கி வா என்று அலையவிடுவதற்கு மனச்சாட்சி என்று பெயர் வைக்கக் கூடாது.

மலைப் பெண்ணை என் மனைவிதான் மறுநாள் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த இளம் மருத்துவர், “கணவர் கையெழுத்தா? யார் கேட்டது?” என்றாராம். அட்மிட் செய்து, முடித்து, ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். போகும்போது கடையில் நின்று இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினார்.

அதன் பிறகு சீட்டுக்குக் கொடுக்க அந்த மருந்தை எடுத்து வைக்கிறேன், கணக்கும் எழுதுகிறேன். ஆய்வாளர் ஒருமுறை வந்தார், பதிவேட்டைப் பார்த்தார், போனார். சீட்டில்லாமல் வருகிற ஆண்களிடம் ஒரு தாள் கொடுக்கிறேன். யார் கையெழுத்து வேண்டும், யாருடையது வேண்டாம், எத்தனை வாரம், எங்கே போக வேண்டும், எல்லாம் ஒரே பக்கத்தில். குழுவில் கும்பிடு போட்ட பாவத்துக்கு, பக்கத்துக் கடைகள் நான்குக்கும் அதை எடுத்துப் போனேன். மூவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். நான்காவது கடைக்காரர் முழுதும் படித்துவிட்டு, “புருஷன் கையெழுத்து வேண்டாமா? நிஜமாகவா?” என்று கேட்டுத் தாளை என்னிடமே நீட்டினார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எட்டி அதை வாங்கிக்கொண்டார்.