தலையில் அடிபட்டவரிடம் ‘கடந்த ஓராண்டில்’ என்று கேட்டால்?

மூளை அதிர்ச்சிக்குப் பிறகு வரும் கிறுகிறுப்பு, வாய் உலர்வது, மலச்சிக்கல், வெளிச்சத்தில் கண் கூசுவது இதையெல்லாம் காம்பஸ் 31 கேள்வித்தாளை (நாடித்துடிப்பு, பிரஷர், குடல் போன்றவற்றைத் தானாக இயக்கும் நரம்புகளின் கோளாறுக்கு 31 கேள்விகளில் மதிப்பெண் போடும் தாள்) வைத்தே அளந்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் அந்தத் தாள் முதல் கேள்வியிலேயே ‘கடந்த ஓராண்டில்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. போன மாதம் பைக்கில் விழுந்தவர் எதைச் சொல்வார், விழுவதற்கு முன்னால் இருந்ததையா, பின்னால் வந்ததையா?

எங்கள் சித்தப்பா மகன் திருமங்கலம் ரோட்டில் விழுந்தான், ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றால் கொஞ்ச நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார இடம் தேடுவான். ‘சித்திரை வெயில்ல யாருக்குத்தான் கிறுகிறுன்னு வராது’ என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அவன் கையில் தாளைக் கொடுத்திருந்தால் அவனும் ‘எப்போதாவது’ என்றுதான் டிக் அடித்திருப்பான்.

அப்புறம், மொத்த மதிப்பெண் 100இல் எழுந்து நிற்கும்போது வரும் தொல்லைக்கு மட்டும் 40, வயிறு குடலுக்கு 25. தலைவலிக்கென்று எழுதித் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரையே வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், எழுந்தால் தலையையும் சுற்றவைக்கும். மாத்திரைச் சீட்டைப் பக்கத்தில் வைக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து என்ன புரியும்? படுக்கவைத்து, பிறகு 10 நிமிடம் நிற்கவைத்து நாடித்துடிப்பும் பிரஷரும் பார்க்கப் பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம். பிரஷர் இறங்காமலேயே துடிப்பு நிமிடத்துக்கு 30 ஏறினால், பதின்ம வயதினருக்கு 40 ஏறினால், கவனிக்கவேண்டிய விஷயம். இதையும் தாளோடு சேர்த்துச் செய்கிறார்களா என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.