ஓசி இல்லீங்க, குடிமராமத்து

ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். சங்கத்துக்காக நான் இலவச மென்பொருள்ல போட்ட வெப்சைட்டை விட்டுட்டு, சென்னைக்காரர் கொட்டேஷனுக்குக் காது குடுத்தீங்க. மத்ததைத் திரும்பச் சொல்ல மனசு வரல. ஆனா "ஓசியில கிடைச்சது ஓசி மாதிரிதான் இருக்கும்"னு ஒருத்தர் சொன்னப்ப அத்தனை பேரும் தலையாட்டினீங்களே, அதை என்னால முழுங்க முடியல.

அது ஓசி இல்லீங்க. நம்ம வெப்சைட் ஓடுறது அப்பாச்சி வெப் சர்வர்ல, அதாவது கேட்கிறவங்களுக்குப் பக்கத்தை அனுப்புற மென்பொருள். அது எப்படி வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல என்சிஎஸ்ஏங்கிற கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மையத்துல ஒருத்தர் எழுதின சர்வர் இருந்துச்சு. 1994ல அவர் அங்கேருந்து கிளம்பிட்டார், பார்க்க ஆளில்ல. அதை ஓட்டிக்கிட்டிருந்தவங்க அதுல இருந்த உடைப்பை அடைக்க அவங்கவங்க இடத்துல எழுதின திருத்தத்தையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து 1995ல வெளியிட்டாங்க. அதுதான் அப்பாச்சி. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வாய்க்கால்ல இறங்குனா நம்ம பக்கம் அதுக்கு என்ன பேரு? குடிமராமத்து. தூர்வார வந்தவனைப் பார்த்து ஓசின்னு சொல்வீங்களா?

மூணு வருஷம் முன்னாடி, சம்பா நடவு நேரம். சங்க ரூம்ல தூசி படிஞ்சு கிடந்த கம்ப்யூட்டர்ல டெபியன் போட்டேன். கம்ப்யூட்டரை இயக்குற லினக்ஸ்ல அது ஒரு வகை, இலவசம். அப்பாச்சி ஏத்த ஒரே கமாண்ட்தான். ஆனா பக்கத்தைத் திறந்தா 403 ஃபர்பிடன், அதாவது பார்க்க அனுமதி இல்லைங்குது. ராத்திரி பதினொரு மணிலேருந்து ஃபைலுக்குப் பெர்மிஷன் மாத்தி மாத்திப் பார்க்கிறேன், அசையல. ரெண்டு மணிக்குத்தான் எர்ரர் லாகை, சர்வர் தன் கோளாறை எழுதி வைக்கிற குறிப்பை, ஒழுங்காப் படிச்சேன். ஃபைல்ல கோளாறு இல்ல. அதை என் ஹோம் ஃபோல்டருக்குள்ள வச்சிருந்தேன், அந்த ஃபோல்டருக்குள்ளயே சர்வரால நுழைய முடியல. உள்ளறையைத் திறந்துட்டு வாசக்கதவைப் பூட்டி வச்ச கதை. இடத்தை மாத்தினேன். பக்கம் வந்துச்சு. முறைப் பாசன நாள், கொள்முதல் நிலையம் திறக்கிற தேதி, எல்லாம் தமிழ்ல. கண்ணு கலங்கிருச்சு.

"பாதுகாப்பு இருக்கா"ம்பீங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் போட்டிருக்கேன், போற வழியில யாரும் படிக்காம பக்கத்தைப் பூட்டி அனுப்புறதுக்கு, காசில்ல, 90 நாள் முடியறதுக்குள்ள தானாப் புதுப்பிச்சுக்கும். கரண்ட் போனா? இன்வெர்ட்டர் தாங்குற வரைக்கும் தாங்கும். கஜா மாதிரி ஒண்ணு வந்தா எந்த சர்வரும் நிக்காது, அன்னைக்கு நாமளே நிக்கல.

"நீ இல்லைன்னா யார் பார்ப்பா?" இது நியாயமான கேள்வி. இதுக்காகத்தான் ரெண்டு பசங்களுக்கு லாக் படிக்கிறதுலேருந்து பேக்கப் எடுக்கிறது வரைக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன். கூட்டத்துல பின்னாடிதான் நின்னாங்க. அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சென்னையிலேருந்து கார்ல வந்தவர் சொன்னதை மட்டும் கேட்டீங்க. அவர் கொட்டேஷன்லயும் லினக்ஸ், அப்பாச்சின்னுதான் எழுதியிருக்கு. ரெண்டாம் பக்கம், யாருமே புரட்டல. அவர் போட்டா தரம், நம்ம ஊர்ப் பையன் போட்டா ஓசி!

எனக்குப் பணம் வேணாம், மாலையும் வேணாம். மூணு வருஷத்துல ஒரு தடவை "தம்பி, நல்லாருக்கு"ன்னு சொல்லியிருக்கலாம்.

ரூம் சாவியைக் கேட்டீங்க, அன்னைக்கே குடுத்துட்டேன். மெஷின் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. இன்னைக்குக் காலையில முறைத் தண்ணி தேதியை வீட்டிலேருந்து நான்தான் மாத்தினேன். போய்ப் பாருங்க.