நியூட்டன் சாபம் விடவில்லை, மாமா

போன வாரம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் தூரத்து உறவில் ஒரு மாமா. பூர்வீக நிலத்தைப் பாகம் பிரித்துத் தராமல் ஏமாற்றிய அண்ணனை, இப்போது அந்த அண்ணனின் சொந்த மகனே வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டானாம். கதையைச் சொல்லி முடித்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே முத்தாய்ப்பு வைத்தார்: "ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. நியூட்டன் சும்மாவா சொன்னார்?"

முப்பது வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தவனுக்கு அதற்குப் பிறகு பாயசம் இறங்குமா?

அவரைக் குறை சொல்ல மாட்டேன். குற்றம், நியூட்டனின் மூன்றாம் விதி என்று பள்ளியில் நாம் நடத்தும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. நம் மொழியில் வினை என்றால் நல்வினை, தீவினை, முன்வினை. பிள்ளையாருக்கு வேலையே வினை தீர்ப்பதுதான். விதி என்றால் தலையெழுத்து. இந்த இரண்டு சொற்களையும் ஒரே பாடத்தில் அருகருகே உட்கார வைத்துவிட்டு, அதை இயற்பியலாகப் படி என்றால் பிள்ளை என்ன செய்யும்? வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பாட்டி சொன்னதை ஒரு வெள்ளைக்காரர் கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார் என்றுதான் நினைக்கும். என் கட்சி இதுதான்: மூன்றாம் விதியிலிருந்து 'வினை'யை எடுத்துவிட்டு 'விசை' என்று மட்டும் சொல்ல வேண்டும். 'விதி'யை என்ன செய்வது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

1687ல் வெளிவந்த 'பிரின்சிப்பியா' என்ற தன் நூலில் இந்த விதியைச் சொன்ன கையோடு நியூட்டனே எடுத்துக்காட்டும் தருகிறார். கல்லை விரலால் அழுத்தினால் கல்லும் விரலை அழுத்தும். கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால், கல்லும் குதிரையை அதே அளவு பின்னுக்கு இழுக்கும். இதில் பழியும் இல்லை, தவணையும் இல்லை. குதிரை இன்று இழுத்ததற்குக் கல் மூன்று வருடம் கழித்து வந்து பதில் சொல்வதில்லை. இரண்டு விசைகளும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் மறைகின்றன. எதை முதலாவது என்பது, எதை எதிர் என்பது என்பதுகூட நம் வசதிக்குத்தான். அதைவிட முக்கியம், அவை இரண்டும் ஒரே பொருளின் மேல் விழுவதில்லை. ஒன்று கல்லின் மேல், மற்றது குதிரையின் மேல்.

இந்தக் கடைசி விஷயத்தில் நானே சறுக்கி விழுந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜூன் மாதம் பள்ளி திறந்து மூன்றாம் விதியை நடத்திக்கொண்டிருந்தபோது, சித்திரைத் திருவிழாவில் வடம் பிடித்துவிட்டு வந்திருந்த ஒரு மாணவி எழுந்தாள். "சார், நாங்கள் தேரை இழுக்கும் அளவுக்கே தேரும் எங்களை இழுக்கிறது என்றால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுமே. அப்புறம் தேர் எப்படி நகரும்?" அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், உட்கார் என்றேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் சைக்கிளில் வீடு திரும்பும்போது வழி நெடுக அந்தக் கேள்விதான் மிதித்தது.

பதிலைத் தேட மாசி வீதிக்கே போக வேண்டும். (சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவது மதுரைக்காரர்களுக்குத்தான் விசித்திரமாகத் தெரியாது.) கீழமாசி வீதித் தேர்முட்டியில் தேர் நிற்கிறது. வடம் விறைக்கிறது. வடம் தேரை முன்னால் இழுக்கிறது, நம்மைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம், சந்தேகமே இல்லை. ஆனால் தேர் நகருமா என்று கேட்கும்போது தேரின் மேல் விழும் விசைகளை மட்டும்தான் எண்ண வேண்டும்: முன்னால் வடத்தின் இழுப்பு, பின்னால் சக்கரமும் அச்சும் காட்டும் தடை. இழுப்பு தடையை மிஞ்சினால் தேர் புறப்படும். நம் கையில் விழும் பின்னிழுப்பு தேரின் கணக்கில் வராது. அது நம் கணக்கு. அதைச் சமாளிப்பது நம் கால். நாம் பாதத்தால் தெருவைப் பின்னால் தள்ளுகிறோம், தெரு நம்மை முன்னால் தள்ளுகிறது. வெயிலுக்கு இதமாகத் தெருவில் தண்ணீர் தெளித்த இடத்தில் வடம் பிடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோளில் எவ்வளவு பலம் இருந்தாலும், கால் வழுக்கினால் தேரை நோக்கி நாம்தான் நகர்வோம். பொங்கலுக்கு ஊர்களில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியிலும் இதே கதைதான். கயிற்றின் எடையை விட்டுவிட்டால், ஜெயிக்கும் அணியும் தோற்கும் அணியும் ஒரே அளவு விசையைத்தான் கயிற்றில் உணர்கின்றன. மண்ணில் குதிகாலை நன்றாகப் பதித்தவர்கள் ஜெயிக்கிறார்கள்.

தேர் கிளம்பும்வரைதான் பெரும்பாடு. உருளத் தொடங்கிய பிறகு அவ்வளவு தடை இருக்காது, ஆனால் அத்தனை நிறையும் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. வடத்தை விட்டுவிட்டால் உடனே நின்றுவிடாது. அதனால்தான் சக்கரத்தோடு சக்கரமாகக் கட்டையோடு ஓடும் ஆட்கள். முட்டுக்கட்டை போடுவது என்பதை நாம் வசவாக்கிவிட்டோம். தேருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த ஆள் மேல் மரியாதை வரும்.

மறுநாளே அந்த மாணவியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இது புரியவே இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அவள் பள்ளியை விட்டுப் போய்விட்டாள்.

இன்னொரு பாவமும் செய்திருக்கிறேன். 'மேசை மேல் புத்தகம் இருக்கிறது. அதன் எடை கீழே, மேசையின் தாங்கு விசை மேலே, இதுவே மூன்றாம் விதி' என்று கரும்பலகையில் படம் போட்டு வருடக்கணக்கில் நடத்தினேன். தப்பு. இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் விழுகின்றனவே! எடை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசையின் தாங்கலுக்கு ஜோடி, புத்தகம் மேசையை அழுத்துவது. சந்தேகம் இருந்தால் ஜவுளிக்கடை லிஃப்டில் எடை பார்க்கும் மெஷினோடு ஏறுங்கள் (காவலாளி விட்டால்). ஐம்பது கிலோ ஆளைப் பூமி சுமார் 490 நியூட்டன் (விசையை அளக்கும் அலகுக்கும் அவர் பெயர்தான்) விசையால் இழுக்கிறது. லிஃப்ட் நொடிக்கு நொடி விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் கூடி மேலே கிளம்பினால், மெஷின் காலைத் தாங்கும் விசை 540 நியூட்டன். முள் 55 கிலோவைக் காட்டும். பூமி கூடுதலாக இழுக்கவில்லை. இரண்டும் மூன்றாம் விதி ஜோடியாக இருந்தால் ஒன்று மட்டும் எப்படிக் கூடும்?

அந்த ஐம்பது கிலோ ஆளும் பூமியை அதே 490 நியூட்டனால் மேலே இழுக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமியின் நிறை, 6க்குப் பின்னால் 24 பூச்சியம் போட்ட கிலோகிராம். அதனால் அது அசைவது தெரிவதில்லை. விசை சமம், விளைவு சமமில்லை. மாமாவின் 'சமமான எதிர்வினை' இங்கேயே படுத்துவிடுகிறது.

பெரிய இடங்களிலும் சறுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஓர் ஆறுதல். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கோடார்டின் ராக்கெட் யோசனையை 1920ல் 'நியூயார்க் டைம்ஸ்' தலையங்கம் கேலி செய்தது. வெற்றிடத்தில் உதைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது ராக்கெட் எப்படி முன்னேறும் என்று கேட்டது. ராக்கெட் காற்றை உதைப்பதில்லை. தன் வயிற்றிலிருந்து வரும் வாயுவைத் தள்ளுகிறது, வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது. 1969 ஜூலையில், அப்போலோ 11 நிலாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தப் பத்திரிகை வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போட்டது. அவர்களுக்கு 49 வருடம். எனக்கு இரண்டு வருடம்தான்.

இத்தனையையும் பந்தியில் சொல்ல முடியாது. மோர் வருவதற்குள் சுருக்கமாகச் சொன்னேன்: "மாமா, நியூட்டன் சொன்னது உடனுக்குடன் நடப்பது. காத்திருந்து திருப்பிக் கொடுப்பதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நிலத்துக்கு நியாயம் வேண்டுமானால் கோர்ட்டில் வழக்குப் போடுங்கள்."

"போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது" என்றார், இலையை மடித்துக்கொண்டே.