விட்ஜெட் கண் படும் இடத்தில் இருக்கட்டும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, இது வேற எங்கேயோ போயிடுது, திரும்ப வர மாட்டேங்குது" என்றார். வாங்கிப் பார்த்தேன். சமீபத்தில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு முகப்புத் திரைக்கு இடப்பக்கம் செய்திகளாகக் கொட்டும் பக்கம் ஒன்று முளைத்திருந்தது. நேரம் பார்க்கத் திரையைத் தொடும்போது விரல் கொஞ்சம் நழுவினால் போதும், அவர் அங்கே போய் நிற்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் நான் வைத்துக் கொடுத்த மாத்திரை விட்ஜெட் (செயலியைத் திறக்காமலே விவரத்தைத் திரையில் காட்டும் சின்னக் கட்டம்), தோற்றம் மாறியதில் மூன்றாவது பக்கத்துக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு 71 வயது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்பதை அந்த ஒரு சின்னக் கட்டத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வார். அது கண்ணில் படாமல் போனதும், டப்பாவில் மாத்திரைகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்.

அதிலிருந்து இதே யோசனைதான். விட்ஜெட் எங்கே இருக்க வேண்டும் என்பதை போன் செய்பவர்கள் இன்னும் சரியாக முடிவு செய்யவில்லை. என் கருத்து இதுதான்: விரல் அசைவதற்கு முன்னால் கண் எங்கே விழுகிறதோ, அங்கேதான் விட்ஜெட் இருக்க வேண்டும். அதாவது லாக் ஸ்கிரீனிலும், முகப்பின் முதல் பக்கத்திலும். தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்கும் தனிப் பக்கத்தில் வைத்தால் அதை வைத்த நோக்கமே போச்சு. அவ்வளவு தூரம் போகிறவர் நேராகச் செயலியையே திறந்துகொள்ளலாமே.

இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2005-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் டாஷ்போர்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு விசையை அழுத்தினால் கடிகாரம், கால்குலேட்டர், வானிலை எல்லாம் திரைமேல் வந்து நிற்கும். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதை அழைத்தால்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் அழைப்பதை விட்டார்கள், 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். ஐபோனிலும் இதே பாடம்தான். 2014-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 8-ஆம் பதிப்பு வந்தபோது, மேலிருந்து இழுத்தால் வரும் பக்கத்துக்குள் விட்ஜெட்டுகளை வைத்தார்கள். நானும் அப்போது ஆசையாக நாலைந்து சேர்த்தேன். ஒரு மாதத்தில் அப்படி ஒரு பக்கம் இருப்பதே மறந்துவிட்டது. 2020 செப்டம்பரில் ஐஓஎஸ் 14 வந்து, ஐகான்களுக்கு நடுவிலேயே விட்ஜெட்டை வைக்கலாம் என்றானதும் நடந்ததைப் பாருங்கள். ஆட்கள் தங்கள் முகப்பை உட்கார்ந்து அலங்கரிக்க ஆரம்பித்தார்கள். விட்ஜெட்டை நம் விருப்பப்படி வடிவமைக்க உதவும் விட்ஜெட்ஸ்மித் என்ற சின்னச் செயலி ஆப் ஸ்டோரில் முதலிடத்துக்குப் போனது. மாறியது முக்கியமாக விட்ஜெட் இருந்த இடம்தான்.

ஆண்ட்ராய்டு இதை முதலிலேயே புரிந்துகொண்டது. 2008-இல் வந்த முதல் போனிலேயே முகப்பில் கடிகாரம் இருந்தது. 2009-இல் 1.5 பதிப்பு வந்ததிலிருந்து யார் வேண்டுமானாலும் விட்ஜெட் எழுதலாம். அப்புறம் 2012-இல் 4.2 பதிப்பில் லாக் ஸ்கிரீனுக்கும் கொண்டுவந்தார்கள். அங்கேதான் சறுக்கினார்கள். லாக் ஸ்கிரீனிலும் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் ஒரு பக்கம் என்று பக்கவாட்டில் அடுக்கினார்கள், ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். இரண்டே வருடத்தில், 5.0 பதிப்பில், அதைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான். யோசனை நல்லது, வைத்த விதம்தான் தவறு. 2022-இல் ஐஓஎஸ் 16 அதையே வேறு மாதிரி செய்தது. கடிகாரத்துக்குக் கீழே ஒரே ஒரு வரிசை, சின்னதாக அதிகபட்சம் நான்கு. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. நேரம் பார்க்கும் கண்ணே அடுத்த வரியையும் படித்துவிடுகிறது.

இடம் என்று சொல்லும்போது இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடம் மாறக் கூடாது. நம் வீட்டில் கரண்ட் போனால், இருட்டிலும் கை நேராக மெழுகுவர்த்தி இருக்கும் அலமாரிக்குப் போகும். விட்ஜெட்டும் அப்படிப் பழக வேண்டும். 2010-இல் வந்த விண்டோஸ் போனின் லைவ் டைல்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஐகானே விட்ஜெட் ஆனது எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் அந்தக் கட்டங்கள் புரண்டுகொண்டே இருக்கும். நான் பார்க்கும் நொடியில் எனக்கு வேண்டியது பின்பக்கம் இருக்கும். இப்போது ஐபோனில் ஸ்மார்ட் ஸ்டாக் என்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நேரத்துக்கு ஏற்ப தானாக மாறும் விட்ஜெட்டுகள் இருக்கின்றன. இளைஞர்களுக்குப் பிடிக்கலாம். அப்பா மாதிரி ஒருவருக்கு, நேற்று இருந்த இடத்தில் இன்று வேறொன்று இருந்தால் அது தொலைந்துபோனதற்குச் சமம். தானாக மாறுவதை முதலிலேயே அணைத்து வைத்துத் தர வேண்டும். வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளட்டும்.

சரி, முதல் பக்கத்தில் எங்கே? மேல் பாதியில். இன்றைய போன்கள் பெரும்பாலும் ஆறு அங்குலத்துக்கு மேல். ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் மேலே எட்டாது, கண்ணோ முதலில் மேலேதான் போகும். அதனால் பார்ப்பதெல்லாம் மேலே, தொடுவதெல்லாம் கீழே. ஐபோனில் 2024-இல் ஐஓஎஸ் 18 வரும்வரை ஐகான்கள் மேலிருந்துதான் அடுக்கிக்கொள்ளும், நடுவில் இடம் விட முடியாது. மேலே ஒரு பெரிய விட்ஜெட்டை வைத்தால் ஐகான்கள் தானாகக் கீழே இறங்கி விரலுக்கு எட்டின. எனக்குத் தெரிந்த பலர் அதற்காகவே விட்ஜெட் வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் முகப்பில் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வைஃபை, டார்ச் போன்ற சுவிட்சுகள் ஆரம்பகால ஆண்ட்ராய்டில் முகப்பு விட்ஜெட்டாக இருந்தன. மேலிருந்து இழுக்கும் பகுதிக்கு அவை போனது சரியான முடிவு. கிரிக்கெட் ஸ்கோரும் முகப்புக்கு ஒத்துவராது. காரணம், விட்ஜெட் என்பது நாம் நினைப்பதுபோல் நொடிக்கு நொடி ஓடும் பொருள் இல்லை. பேட்டரியைக் காப்பாற்ற, ஆண்ட்ராய்டில் ஒரு விட்ஜெட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளக் கேட்கும் வழக்கமான வழியில் குறைந்தபட்ச இடைவெளி 30 நிமிடம். ஐஓஎஸ்ஸில் அடிக்கடி பார்க்கும் விட்ஜெட்டுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 40 முதல் 70 முறைதான் புதுப்பிப்பு கிடைக்கும். முகப்பில் நிற்கும் ஸ்கோர் மூன்று ஓவர் பழையதாக இருக்கலாம். மேட்ச், டாக்ஸி, வரப்போகும் சாப்பாடு மாதிரி ஒரு மணி நேரத்தில் முடியும் விஷயங்கள், லாக் ஸ்கிரீனில் வந்து, முடிந்ததும் போய்விட வேண்டும். 2022-இல் ஐபோனில் வந்த லைவ் ஆக்டிவிட்டீஸ் அதைத்தான் செய்கிறது. நிரந்தர இடம், தினமும் வேண்டியவற்றுக்கு மட்டும்: தேதி, அடுத்த வேலை, மாத்திரை, மழை.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். செய்திப் பக்கத்துக்கு விட்ஜெட்டின் இடத்தைக் கொடுக்காதீர்கள். போனை எடுத்து, பார்த்து, கீழே வைக்க உதவுவது விட்ஜெட். கீழே வைக்கவிடாமல் இழுத்துப் பிடிப்பது அந்தப் பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே விரல் அசைவில் மாறும்படி செய்வது வயதானவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அன்று மாலை அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி செய்தேன். இடப்பக்கத்தை அணைத்தேன். மாத்திரை விட்ஜெட்டை மேலே கொண்டுவந்தேன், போட்டதும் அதிலேயே ஒரு டிக். கீழே அக்காவின் படம், தொட்டால் நேராக அழைப்பு போகும். கடைசியாகக் கிழமையும் தேதியும். அவர் போன் முழுக்கத் தமிழில்தான் இருக்கிறது. சின்னக் கட்டத்தில் "செவ்வாய்க்கி..." என்று வெட்டுப்பட்டு நின்றது. இரண்டு கட்டத்துக்கு இரண்டு கட்டம் என்ற அளவை ஆங்கிலத்தின் மூன்றெழுத்துச் சுருக்கத்தை மனதில் வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள் போல. எழுத்தைச் சின்னதாக்கினால் முழுப் பெயரும் வந்தது, ஆனால் அப்பா கண்ணாடியைத் தேடினார். இதை வடிவமைக்கிறவர்கள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், தயவுசெய்து ஒரு முறை "செவ்வாய்க்கிழமை" என்று போட்டுப் பாருங்கள், "வியாழக்கிழமை" என்றும் போட்டுப் பாருங்கள்.

கடைசியில் அந்த விட்ஜெட்டைத் திரையின் முழு அகலத்துக்கும் இழுத்துவிட்டேன். அதற்காக ஒரு வரிசை ஐகான்களை எடுக்க வேண்டியிருந்தது. நான்கு நாட்கள் இருந்தேன், அவர் அந்த ஐகான்களை ஒரு முறைகூடக் கேட்கவில்லை.