கம்பைலருக்கு நம் மனசு தெரியாது

நேற்று ராத்திரியிலிருந்து அந்த ஸ்க்ரீன்ஷாட் கண்ணை விட்டுப் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்து 6 மாசம்கூட ஆகாத பொண்ணு. சி ஷார்ப் என்ற ப்ரோக்ராமிங் மொழியில் ஒரு ஜெனரிக் மெத்தடை, அதாவது பல டைப்புகளோடு வேலை செய்யும் மெத்தடைக் கூப்பிடும்போது கோண அடைப்புக்குள் ‘அக்கவுண்ட்’ என்று டைப்பை, அதாவது டேட்டாவின் வகையை எழுதியிருக்கிறாள். நாம் எழுதும் கோடைச் சரிபார்த்து மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் ப்ரோக்ராம்தான் கம்பைலர். அவள் எழுதிய அந்த டைப்பை ஒருத்தர் சிவப்பில் வட்டம் போட்டு, "இதெல்லாம் கம்பைலரே கண்டுபிடிச்சுக்கும், எல்கேஜி பிள்ளை மாதிரி எழுதாதீங்க" என்று முகநூலில் ஊரறியப் போட்டுவிட்டார். கீழே 200 சிரிப்பு.

சிரித்தவர்களில் ஒருத்தராவது அந்த அடைப்பை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். எரர். சிஎஸ்0411. டைப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று கம்பைலரே கேட்கிறது. அது கேட்டதைத்தான் அந்தப் பொண்ணு எழுதியிருந்தாள்.

கம்பைலர் நம் மனசைப் படிப்பதில்லை. கையில் கொடுத்த ஆர்க்யுமென்ட்டை, அதாவது மெத்தடுக்குள் அனுப்பும் மதிப்பைத்தான் பார்க்கும். அவள் கொடுத்தது ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், ஒரு கரண்ட் அக்கவுண்ட். இரண்டுக்கும் ஒரே டைப் பேராமீட்டர், அதாவது மெத்தடில் டைப்புக்காக விட்டிருக்கும் ஒரே காலி இடம். சி ஷார்ப் கம்பைலரிடம் இருப்பது இந்த இரண்டு பெயர்தான். இதில் எது மற்றதாக மாறும் என்று பார்க்கும். 1, 2.5 என்று கொடுத்தால் இன்ட் (முழு எண்) தானாக டபுளாக (தசம எண்) மாறும், அதனால் டபுள் என்று முடிவு செய்துவிடும். சேவிங்ஸ் கரண்ட்டாக மாறாது, கரண்ட்டும் சேவிங்ஸாக மாறாது. இரண்டுக்கும் மேலே ‘அக்கவுண்ட்’ என்று ஒரு தாய் கிளாஸ் இருந்தாலும் அதைத் தேடிப் போகாது. விடையை எந்த வேரியபிளில் வாங்குகிறோம் என்பதையும் பார்க்காது.

"ஜாவாவில் இது ஓடுமே" என்று வருவீர்கள். ஓடும். ஜாவா பொதுவான தாய் டைப்பைத் தானே தேடும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் எழுதியது ஜாவா இல்லையே ஐயா.

அந்த ஜாவாவும் எல்லாம் தெரிந்துகொண்டு பிறக்கவில்லை. ஜாவா 7 காலத்தில் லிஸ்ட் ஆஃப் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரங்களின் பட்டியல்) கேட்கும் மெத்தடுக்குள் நேராக, காலிப் பட்டியல் தரும் கலெக்‌ஷன்ஸ் எம்ப்டிலிஸ்ட் என்று கொடுத்தால் கம்பைல் ஆகாது. லிஸ்ட் ஆஃப் ஆப்ஜெக்ட் (எதை வேண்டுமானாலும் வைக்கும் பட்டியல்) என்று முடிவு கட்டிவிடும். 2014இல் ஜாவா 8 வந்த பிறகுதான் அது சரியானது. அதற்கு முன்னால் ஒரு ப்ராஜெக்ட்டில் நான் ஸ்ட்ரிங் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருந்தேன். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என் லீட் அதைக் காட்டி, "புக்கைப் பார்த்து எழுதினியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன், அத்தனை பேர் முன்னால் இங்கிலீஷில் சொல்ல வாய் வரவில்லை. அடைப்பை எடுத்தேன், பில்ட் உடைந்தது, அதாவது கோட் கம்பைல் ஆகவில்லை, அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது.

"கோட் ரிவ்யூவில் குறை சொல்லவே கூடாதா?" சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். டீமுக்குள் கோடைச் சரிபார்க்கும் அந்த ரிவ்யூவில் சொல்லுங்கள். முகநூலில் ஏன்? "பெயரை மறைச்சுத்தானே போட்டார்?" அந்த டீமில் எத்தனை பேர் இருப்பார்கள்? யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாதா?

தேவையில்லாத இடத்தில் டைப் எழுதினால் எடிட்டரே மங்கலாக்கிக் காட்டும், எடுத்துவிடலாம். இது தேவையான இடம். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தேவையான இடம். ஓட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

தங்கச்சி, இதைப் படித்தால் அந்த அடைப்பை எடுக்காதே. யாராவது கேட்டால் எடுத்துவிட்டு பில்ட் பண்ணி அந்த எரரைக் காட்டு.

இதை எழுதி முடிக்கும்போதும் அந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. சிரிப்பு 240 ஆகியிருக்கிறது.